பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் வரலாறுகளில் எதை நம்பினீர்கள்? உங்கள் அனுபவம்

நான் முதலில் படித்தது ஃபிலிப் நார்மனின் 'ஷவுட்!' (1981). கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. இரண்டே ராத்திரியில் முடித்தேன், அப்படி ஒரு நடை. ஆனால் படித்து முடித்தபோது குழுவில் பாட்டெழுதிப் பாடிய இருவரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி மேல் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. இன்னொருவரான ஜான் லெனன்தான் மேதை, பால் காரியக்காரர் என்று மனதில் பதிந்துவிட்டது. பல வருஷம் பாலின் பாட்டை அரைமனசோடுதான் கேட்டேன். அதே நார்மன் 2016-ல் பாலுக்கென்றே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார், இந்த முறை பரிவோடு. எனக்குப் போன வருஷங்கள் போனதுதான்.

மார்க் லூயிசனின் 'ட்யூன் இன்' (2013) என்னை உலுக்கிய புத்தகம். 900 பக்கத்துக்கு மேல் போயும் கதை 1962 கடைசியில்தான் நிற்கிறது; அவர்கள் இன்னும் உலகப் புகழ் பெறவில்லை. நடுவில் சில இடங்கள் இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் கடலோர ஊரான பிளாக்பூலில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கதைக்காகவே படிக்கலாம். பிரிந்துபோன பெற்றோர் 1946-ல் ஐந்து வயது ஜானை நடுவில் நிறுத்தி, யாரோடு இருக்கிறாய் என்று கேட்டார்கள். அவன் அப்பா என்றான். அம்மா ஜூலியா கிளம்பியதும் அழுதுகொண்டு பின்னாலேயே ஓடினான். இதைப் பல புத்தகங்களில் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். லூயிசன், அது நடந்ததாகச் சொல்லப்பட்ட வீட்டில் அன்று இருந்த, ஜானின் அப்பா ஆல்ஃப் லெனனின் கப்பல் நண்பரையே தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு காட்சியே நடக்கவில்லையாம். பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. பையனை யாரும் கேட்கவே இல்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். லெனன் பற்றிய புத்தகம் எது கிடைத்தாலும் 1940 அக்டோபர் 9, அவர் பிறந்த பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். ஜானை வளர்த்த மிமி பெரியம்மா சொன்னபடி லிவர்பூலில் அன்றிரவு குண்டு விழுந்துகொண்டிருந்தது என்று எழுதியிருந்தால், ஆசிரியர் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த இரவு அங்கே விமானத் தாக்குதல் நடக்கவில்லை.

———

மேலே எழுதியவருக்கு: ஹன்டர் டேவிஸ் எழுதிய பீட்டில்ஸ் வரலாற்றை (1968) விட்டுவிட்டீர்களே! அது குழுவின் சம்மதத்தோடு வந்த புத்தகம், அதனால் பல விஷயம் பூசி மெழுகப்பட்டிருக்கிறது. மிமிக்காகத் திருத்தியது உண்டு. மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் அந்தரங்க வாழ்க்கையை வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. எல்லாம் சரி. ஆனால் 1967-ல் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ பாடுவதற்காக ஜானும் பாலும் ஒரு பாட்டைக் கட்டும்போது டேவிஸ் அதே அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர்கள் வரிகளைத் தேடித் தேடி, பிடிக்காததைத் தள்ளி, நடுவில் வேறு எதையோ வாசித்து, திரும்பவும் அதற்கே வருகிறார்கள். அந்தப் பக்கங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிக்கிறேன்.