ஐஸில் வைத்தால் ஒரு தெர்மாமீட்டர் 1, இன்னொன்று மைனஸ் 1. எதை நம்ப?

குளச்சல்காரன்:
சித்தப்பா ஃபோட்டோ ஸ்டூடியோவை மூடியபோது ஃபிலிம் கழுவும் டேங்க், தட்டுகளோடு ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் என்னிடம் வந்தது. சிவப்புத் திரவம், மைனஸ் 10 முதல் 50 வரை அளவு. அதை நம்பித்தான் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரி, ஏழரை நிமிடம் என்று கழுவி வந்தேன். நாலு ரோலும் சவசவ. நிழலில் விவரம் இருக்கிறது; வெள்ளை வேட்டியும் வானமும்தான் நெகட்டிவில் கறுக்கவே இல்லை.

சந்தேகத்தில் டிஜிட்டல் ஒன்று வாங்கினேன். கண்ணாடி 20 என்கிற தண்ணீரை அது 18 என்கிறது. சரி, ஐஸ் தீர்ப்பு சொல்லட்டும் என்று துறைமுகத்தில் மீன் பெட்டிப் பக்கம் ஒரு கட்டி வாங்கி வந்து உடைத்துப் போட்டேன். கண்ணாடி 1, டிஜிட்டல் மைனஸ் 1! ஆளுக்கு ஒரு டிகிரி பிழை என்று வைத்து, நடுவில் 19 என்று எடுத்துக்கொள்ளலாமா? கொதிக்கிற தண்ணீரிலும் வைத்துப் பார்க்கவா?

வடசேரி இருட்டறை:
மக்கா, கொதிதண்ணியில் கண்ணாடியை விட்டுவிடாதே. 50 வரைதான் அளவு. திரவம் விரிந்து வெடித்துவிடும்.

நடுவில் எடுக்கிற பஞ்சாயத்தும் வேண்டாம். மீன் பெட்டி ஐஸில் கடல்தண்ணி பட்டிருக்கும், உப்பு சேர்ந்தால் 0-க்குக் கீழே போகும். வீட்டு ஃப்ரிட்ஜில் குடிதண்ணியை உறைய வைத்து நொறுக்கு. டம்ளர் நிறைய ஐஸ். இடுக்கு நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணி. ஐந்து நிமிடம் கிளறிவிட்டுப் பார். முனை டம்ளர் அடியில் முட்டக் கூடாது.

மார்த்தாண்டம் கலர்:
0-இல் சரியாக இருந்தால் மட்டும் போதாது தம்பி, மேலேயும் ஓர் இடம் பார்க்க வேண்டும். நான் சி-41 முறையில் கலர் ஃபிலிம் கழுவுகிறவன், 37.8-இல் கால் டிகிரி தப்பினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் டிஜிட்டலையும் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், அந்தச் சிவப்புக் கோடு எங்காவது அறுந்திருக்கிறதா? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

குளச்சல்காரன்:
அறுந்திருக்கு அண்ணே! 24-க்குப் பக்கத்தில், சரியாக இரண்டு டிகிரி நீளத்துக்கு இடைவெளி. இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை.

வீட்டு ஐஸில் டிஜிட்டல் 0, கண்ணாடி 2. வெந்நீரில் காய்ச்சல் தெர்மாமீட்டர் 38, டிஜிட்டல் 37.9. அப்போ நான் இவ்வளவு நாளும் 18-இல்தான் கழுவியிருக்கிறேன்.

வடசேரி இருட்டறை:
18-இல் ஒன்பது நிமிடமாவது விட்டிருக்கணும். பிறகு எப்படிக் கறுக்கும்?

கோட்டைச் சேர்த்துவிடலாம். நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைத் தாராளமாகப் போடு. உன் சோதனையைக் கெடுத்த அதே உப்புதான். தெர்மாமீட்டரை நிமிர்த்திப் பிடித்துக் குமிழை மட்டும் அமிழ்த்து. சிவப்பு முழுக்கக் குமிழுக்குள் இறங்கினதும் விரலால் மெல்லத் தட்டு, அப்புறம் நிமிர்ந்தபடியே தானாக ஏற விடு.

குளச்சல்காரன்:
முதல் தடவை ஏமாற்றியது, இரண்டாம் தடவை சேர்ந்துவிட்டது. இப்போது இரண்டும் 20 என்கின்றன. நேற்று கழுவிய ரோலில் வேட்டி நன்றாகக் கறுத்திருக்கிறது.

இங்கே குழாய்த் தண்ணீரே 29 டிகிரி. டெவலப்பரைக் குளிரவைக்க மீன் ஐஸையே பாலித்தீன் பையில் கட்டி வாளியில் போடுகிறேன். அதில் உப்பு இருந்தால் என்ன? இருட்டறை வாசலில் பூனை ஒன்று காவல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.