ஊசித்தட்டான்களின் விந்துப் போட்டி குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒரே பெண்ணுடன் கூடிய பல ஆண்களின் விந்தணுக்கள் முட்டைகளைக் கருவுறச் செய்யப் போட்டியிடுகின்றன என்று பூச்சிகளைக் கொண்டு உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர் 1970இல் முன்வைத்த கருத்தைப் பற்றி, பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். வட அமெரிக்க ஓடைகளில் வாழும் கரிய இறக்கை கொண்ட ஊசித்தட்டான் இனம் ஒன்றில், ஆண் தன் விந்தைச் செலுத்துவதற்கு முன், பின்னோக்கிய நுண்முட்கள் உள்ள உறுப்பால் முந்தைய ஆணின் விந்தைச் சுரண்டி வெளியேற்றிவிடுகிறது என்பதை 1979இல் வெளியான ஆய்வு காட்டியது; இத்துறையிலேயே என்னை மிகவும் வியக்கவைத்த கண்டுபிடிப்பு இதுதான். பிறகு பெண் முட்டையிடும்போது அந்த ஆண் அருகில் அமர்ந்து காவல் காக்கிறது. வேறு பல இனங்களிலோ, பெண்ணின் முன்மார்பை (தலையை அடுத்துள்ள மார்புப் பகுதியை) ஆண் தன் வால்நுனியால் பற்றியபடியே உடனிருக்கிறது. இவ்விரு காவல் முறைகளில் எது எந்தச் சூழலில் ஆணுக்கு ஆதாயமாகிறது என்பதை விளக்கும் கட்டுரைகளோ, பற்றியபடி முட்டையிடும் இணைகளின் தெளிவான படங்களோ உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். படமெடுத்தவரின் பெயரைக் கட்டுரையில் தவறாமல் குறிப்பிடுவேன்.