ஆர்எக்ஸ்-இசட்: சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது, கார்பை (கார்புரேட்டரை) வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

ஈசூன் பையன்:
வணக்கம். மாமாவுடைய பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட். அவர் ஊருக்குப் போன பிறகு இங்கே சிங்கப்பூரில் எங்கள் புளோக் பலமாடி கார்நிறுத்துமிடத்தில் பல மாதம் சும்மாவே நின்றது. இப்போது சாவி என் கையில். சோக் போட்டு உதைத்தால் பிடிக்கிறது. சோக்கை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. த்ராட்டிலைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் ஓடும், கையை விட்டால் போச்சு. வேகம் எடுத்த பிறகு இழுவை பரவாயில்லை. பிளக் புதுசு. காற்று வடிகட்டிப் பஞ்சைக் கழுவிப் போட்டாயிற்று. பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிதாகவும் ஊற்றியாயிற்று. கடைக்காரர் ஒருவர் கார்பையே மாற்றச் சொல்கிறார், எனக்கு மனமில்லை. நாலாவது மாடி வீடு, இடம் என்று பார்த்தால் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் மூலைதான்.

பழைய டூ-ஸ்ட்ரோக்:
கார்ப் மாற்ற வேண்டாம் தம்பி. பைலட் ஜெட், அதாவது கார்புக்குள் இருக்கும் மெல்லிய துளை கொண்ட பித்தளைத் துண்டு, அடைத்திருக்கிறது, நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போதும் லேசாகத் திறக்கும்போதும் பெட்ரோல் பைலட் ஜெட் வழியாக வரும். நடுவில் ஊசி பார்த்துக்கொள்ளும், முழுக்கத் திறந்தால் மெயின் ஜெட். மேல் வேகத்தில் இழுக்கிறது என்பதால் மெயின் ஜெட்டில் கோளாறு இல்லை. சோக்குக்குத் தனி வழி உண்டு, அது ஊற்றும் கூடுதல் பெட்ரோல்தான் இவ்வளவு நேரம் குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது.

வண்டி நிற்கும்போது மிதவைக் கிண்ணத்தில் (கார்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) இருக்கும் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பழுப்புப் பிசினாகப் படியும். டாங்கில் புதுசு ஊற்றினாலும் அந்தப் பிசின் அத்தனை சுலபத்தில் கரையாது.

பெட்ரோல் குழாயை மூடுங்கள். கிண்ணத்துக்கு அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, மிச்சத்தை ஒரு டப்பாவில் பிடியுங்கள். கார்பின் மேல்மூடியைத் திருகினால் ஸ்லைடு (த்ராட்டிலோடு ஏறி இறங்கும் உருளை), ஸ்பிரிங், ஊசி எல்லாம் கேபிளோடு சேர்ந்து வரும். அதைத் துணியில் சுற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள், ஊசி வளையக்கூடாது. கிளாம்பைத் தளர்த்தினால் கார்ப் கையில் வந்துவிடும்.

கிண்ணத்தின் நான்கு திருகுகளில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பார்க்கப் பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பான் அளவு, அதாவது ஜேஐஎஸ். சாதாரணத் திருப்புளி போட்டால் நழுவி நழுவித் தலை மழுங்கிவிடும், அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கிவிடுங்கள். ஜாலான் புசார் பக்கம் இரும்புக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இணையத்தில் கிடைக்கும்.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு புள்ளி ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப் கிளீனரில் ஊறவையுங்கள். குண்டூசி, கிடார் கம்பி, சின்ன டிரில் எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம், துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அவசியம் என்றால் மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி எடுத்து அதால் மெல்லக் குத்துங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. வீட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். கார்நிறுத்துமிடத்தில் கழற்றி மாட்டுவதோடு நிறுத்திக்கொள். அங்கேயே சாமானைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள் லா. கார்பைக் காலி செய்து, துடைத்து, பையில் போட்டு மேலே கொண்டு போ. ஜன்னலைத் திற, அடுப்பை அணை, அம்மாவிடம் கொஞ்ச நேரம் சமையல் வேண்டாம் என்று சொல். கண்ணாடி போட்டுக்கொள், இது முக்கியம். ஒரு துளையில் கிளீனரை அடித்தால் வேறு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். நைட்ரைல் கையுறை போட மறக்காதே. பழைய பெட்ரோலைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றாதே, பணிமனையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

ரப்பர் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வை. கிளீனர் பட்டால் ஓ-ரிங்கும் கிண்ணத்து ரப்பரும் ஊதிப்போய் மறுபடி பள்ளத்தில் உட்காராது. புது ரப்பர் செட்டை முன்னாலேயே வாங்கிவிடு, பழையது எப்படியும் கல்லாகியிருக்கும்.

கூரியர் ரைடர்:
இவ்வளவு வேலை எதற்கு? பக்கவாட்டில் இருக்கும் பித்தளைத் திருகை ரெண்டு சுற்று வெளியே எடுங்கள், பெட்ரோல் கூடும், நின்று ஓடும். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன்.

பழைய டூ-ஸ்ட்ரோக்:
உங்கள் வண்டி ஃபோர்-ஸ்ட்ரோக்காக இருக்கும். அவற்றில் பெரும்பாலும் அந்தத் திருகு இன்ஜின் பக்கம் இருக்கும், வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். தம்பியுடையதில் அது காற்று வடிகட்டிப் பக்கம் இருக்கிறது, அது காற்றுத் திருகு. வெளியே எடுத்தால் காற்று கூடும், கலவை இன்னும் வறண்டுபோகும். டூ-ஸ்ட்ரோக்கில் வறண்ட கலவையோடு ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும். அதனால் தம்பி, கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இறுக்கினால் நுனி கெட்டுவிடும். பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

இன்னொன்று. ஆயில் பம்ப்பிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்ற வேண்டி வந்தால் உள்ளே காற்று புகுந்துவிடும். காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் இன்ஜினுக்கு ஆயில் போகாது. முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் புகையும், புகையட்டும்.

வடக்கே போனவன்:
நான் சிங்கப்பூரில் வளர்ந்தவன், இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே ஸ்னோமொபைல்களுக்கு வருஷா வருஷம் இதே கதைதான். வசந்தத்தில் நிறுத்தினால் மறுபடி பனி விழும்வரை கொட்டகையில் கிடக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் பலவற்றில் ரெண்டு மிக்குனி கம்பெனி கார்ப், அதனால் சுத்தம் செய்த பிறகு ரெண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகிறதா என்று பார்க்கும் வேலையும் சேர்ந்துவிடும். குளிர் காற்று அடர்த்தி என்பதால் வெப்பநிலைக்கு ஏற்ப மெயின் ஜெட்டையே மாற்றுவார்கள். அங்கே உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது, வருஷம் முழுக்க ஒரே வெயில். நாங்கள் நிறுத்தும் முன் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவோம், அல்லது டாங்கில் ஃபியூவல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் வைக்கும் திரவம்) ஊற்றி, அது கார்ப் வரை போய்ச் சேரும்படி கொஞ்ச நேரம் ஓடவிடுவோம். மாமா அடுத்த தடவை ஊருக்குப் போனால் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள், அது போதும்.

ஈசூன் பையன்:
எல்லாருக்கும் நன்றி. கழற்றிவிட்டேன். கிண்ணத்துக்கு அடியில் கோப்பி-ஓ (பாலில்லாக் காப்பி) வண்டல் மாதிரி ஒரு படலம். பைலட் ஜெட்டைத் தொலைபேசி விளக்கில் பிடித்தால் சுத்தமாக இருட்டு. இரவு முழுக்க ஊறவைத்துச் செம்பு இழையால் குத்தியதும் ஒளி வந்தது. மாட்டிப் பார்த்தேன், சோக் இல்லாமலே ஐட்லிங் நிற்கிறது! ஆனால் இப்போது வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. முன்பு சொட்டவில்லை.

பழைய டூ-ஸ்ட்ரோக்:
கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. முதலில் கிண்ணத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள், தூசு மாட்டியிருந்தால் சில சமயம் விழுந்துவிடும். நிற்கவில்லை என்றால் திறந்து ஊசியின் நுனியைப் பாருங்கள். சுற்றி ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தால் ஊசியை மாற்றுங்கள். மிதவையைக் கையால் ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அதுவும் ஓட்டை. மிதவையின் நாக்கை மட்டும் அவசரப்பட்டு வளைக்காதீர்கள்.

ஈசூன் பையன்:
ஊசி உட்காரும் இடத்தில் சிவப்பாக ஒரு துகள் இருந்தது. துடைத்ததும் நின்றுவிட்டது.

கூரியர் ரைடர்:
திருகு விஷயம் எனக்கும் புதுசு, நன்றி அண்ணே. தம்பி, இந்த வண்டி 2003 ஜூலை 1க்கு முன் பதிவானது என்றால் 2028 ஜூலை 1 முதல் சாலையில் ஓட்ட முடியாது, தெரியும்தானே? ரொம்பச் செலவு செய்யாதீர்கள்.

ஈசூன் பையன்:
தெரியும். மாமாவிடம் அதைச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

பழைய டூ-ஸ்ட்ரோக்:
அதுவரை ஓட்டட்டும். சிவப்புத் துகள் டாங்கின் துரு. பெட்ரோல் குழாயைக் கழற்றி அதன் வலையைச் சுத்தம் செய்யுங்கள், கார்புக்கு முன்னால் சின்ன வடிகட்டி ஒன்று போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி டாங்கோடு நிறுத்தினால் மேல்பக்கம் துருப்பிடிக்கும், நிரப்பி நிறுத்துங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கலவை வறண்டிருக்கிறது, ஓட்டாமல் இங்கே வந்து சொல்லுங்கள். கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருந்து காற்று புகலாம்.