வாய்ப்பாடு: ஒப்பிக்க வைக்கணுமா, யோசிக்க வைக்கணுமா?

மூணாங்கிளாஸ் அம்மா:
பையன் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாம ஒப்பிக்கிறான். ஆனா "எட்டேழு எவ்வளவு?"ன்னு நடுவுல கேட்டா, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு"ன்னு முதல்ல இருந்து வர்றான். இடையில ஒண்ணு தவறினா அழுகைதான். இப்படித்தான் படிக்கணுமா?

கணக்கு வாத்தியார்:
ஆமாம்மா, படிக்கத்தான் வேணும். வகுத்தல் கணக்குல ஒவ்வொரு படியிலும் யோசிச்சுக்கிட்டு நின்னா, எந்த இடத்துல விட்டோம்ங்கிறதே மறந்துடும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடிங்கிற வாய்ப்பாட்டுப் புத்தகத்தை வச்சு மாகாணி (1/16), அரைக்கால் (1/8)னு பின்ன வாய்ப்பாடே ஒப்பிச்சாங்க.

டியூஷன் அக்கா:
சார், அன்னைக்கு அளக்கவும் விக்கவும் அந்தப் பின்னங்கள் தினமும் தேவைப்பட்டுச்சு. இந்தப் பையனுக்கு வாய்ப்பாடு பாட்டா மட்டும்தான் தெரியுது.

அம்மா, புளியங்கொட்டையை வரிசைக்கு 7 வீதம் 3 வரிசை அடுக்குங்க. அப்படியே பக்கத்துல வந்து நின்னு பார்க்கச் சொல்லுங்க: வரிசைக்கு 3 வீதம் 7 வரிசை. மூவேழும் ஏழு மூணும் ஒண்ணுன்னு அவனே சொல்வான். 1 முதல் 10 வரைக்கும் உள்ள 100 பெருக்கல்ல, இப்படித் திருப்பிப் போட்டா ஒரே மாதிரி வர்றதைக் கழிச்சா 55. அதுல 1, 2, 5, 10 வர்ற சுலபமானதை விட்டா மிச்சம் 21 மட்டும்.

அந்த 21-க்கும் வழி இருக்கு. எட்டேழு வரலையா? நாலேழு 28, அதை இரட்டிச்சா 56. ஒன்பதேழுக்கு, 70-ல ஒரு ஏழைக் கழிச்சா 63. ஆறெட்டுக்கு, ஐயெட்டு 40, கூட ஒரு எட்டு.

கணக்கு வாத்தியார்:
28-ஐ இரட்டிக்க விரல் விடுற பிள்ளைக்கு?

டியூஷன் அக்கா:
அப்போ அவனுக்குக் கூட்டலைத்தான் முதல்ல சொல்லிக்கொடுக்கணும் சார். வேகம் வேண்டாம்னு நான் சொல்லலை. யோசிச்சுக் கண்டுபிடிச்சதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினா வேகம் தானா வரும். மறந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கும். ஒப்பிக்கிறவனுக்கு மறந்தா ஒண்ணுமே இல்லை.

மளிகைக்கடை:
19 ரூபா சோப்பு ஆறு கேட்டா, 120-ல 6 கழிச்சு 114-ன்னு சொல்வேன். பத்தொன்பதாம் வாய்ப்பாடு நான் படிச்சதே இல்லை.

கணக்கு வாத்தியார்:
ஈராறு பன்னிரண்டுன்னு வாயில வந்ததாலதானே தம்பி அந்த 120 வந்துச்சு?

மூணாங்கிளாஸ் அம்மா:
இப்போ கேட்டுப் பார்த்தேன். எட்டேழுக்குக் கொஞ்ச நேரம் நின்னான், 28-ம் 28-ம் கூட்டி 56-ன்னான். அழலை. ஒன்பதெட்டு இன்னும் வரலை.

கணக்கு வாத்தியார்:
நல்லதும்மா. ஒரு வாரம் கழிச்சுத் திடீர்னு கேளுங்க. நிக்காம வருதான்னு இங்கேயே சொல்லுங்க.