மன அழுத்தத்தையும் பணியிட ஆபத்தாக மதிப்பிட முடியுமா?

கேள்வி – நிலவன், சென்னை
வணக்கம். வாடிக்கையாளர் சேவைக்கான அழைப்பு மையம் ஒன்றில் டீம் லீடராக இருக்கிறேன். ஓர் அழைப்பு முடிந்த மறுநொடியே அடுத்தது காதில் விழுகிறது. வார ஷிப்ட் பட்டியலோ ஞாயிறு இரவுதான் கைக்கு வருகிறது. குழுவில் சிலருக்குத் தூக்கம் கெட்டுவிட்டது, விடுப்பும் கூடியிருக்கிறது. நிர்வாகம் யோகா வகுப்பு ஏற்பாடு செய்துள்ளது. தீ விபத்துக்கும் மின்கசிவுக்கும் செய்வதைப் போல இதற்கும் ஆபத்து மதிப்பீடு செய்ய வழி உண்டா?

பதில் – மருதம், தொழில்சார் நல மருத்துவர்
உண்டு. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 2021இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 45003 இதற்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி. பணிச்சுமை, வேலை நேரம், மேற்பார்வை, வசவு, வேலை நிரந்தரமின்மை ஆகியவற்றில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்கிறது. 1979இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் முன்வைத்த கருத்து உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும்: வேலை கடுமையாக இருந்து, அதை எந்த வேகத்தில் எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் செய்பவரிடம் இல்லாதபோதுதான் அழுத்தம் மிகவும் முற்றுகிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்விலும், அந்த உரிமை குறைந்தவர்களிடையே இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் மையத்தில் அழைப்புகளைத் தானாகத் தள்ளிவிடும் மென்பொருள் பறிப்பது இந்த உரிமையைத்தான். யோகாவால் அதைத் திருப்பித் தர இயலாது.

பதில் – கயல்விழி, மனநல ஆலோசகர்
மதிப்பீடு முடியும்வரை பாதிக்கப்பட்டவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன்அவுட்’ என்பதை, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் முற்றிலும் சோர்ந்துபோவதை, நோயாக வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த நிலையாகவே பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பதில் – பொன்னி, மனிதவளப் பிரிவு
நானும் இதே துறைதான். எங்கள் அலுவலகத்தில் ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டத் தொடங்கினோம். வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டிய அழைப்புக்குப் பிறகு, ஊழியர் ‘ஆக்ஸ்’ (அழைப்பு வராமல் நிறுத்திவைக்கும் நிலை) போட்டுவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து போகலாம், அந்த நேரம் அவருடைய மதிப்பெண்ணில் கழியாது என்றும் விதி செய்தோம். இரண்டாவது மாற்றத்துக்கு மேலிடத்தை இணங்க வைக்கத்தான் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக்காக ஊழியர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துவதாக இருந்தால் பெயர் கேட்காதீர்கள். சிறிய குழுக்களின் விடைகளைத் தனியாகவும் வெளியிடாதீர்கள், ஏனெனில் ஐந்து பேர் உள்ள குழுவில் யார் என்ன எழுதினார் என்பதை மேலாளர் எளிதில் ஊகித்துவிடுவார், அடுத்த முறை ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.