மறு: மழை இல்லாத இடிக்கு என்ன பெயர்?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

மழை தரைக்கு வராமல் இடியும் மின்னலும் மட்டும் வந்து காட்டுத்தீ மூட்டுகிறதை ஆங்கிலத்தில் 'டிரை தண்டர்ஸ்டார்ம்' என்கிறார்கள். அதற்கும் அதோடு சேர்ந்து வருகிற சொற்களுக்கும் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நேற்று அண்ணாச்சி எழுதியது இது:

> 'டிரை தண்டர்ஸ்டார்ம்' என்பதற்கு 'உலர் இடிப்புயல்' என்றே போட்டுவிடலாம். மூலச்சொல்லோடு ஒட்டி இருக்கிறது.

எனக்கு இது ஒத்துவரவில்லை அண்ணாச்சி. முதலில் 'புயல்'. நமக்குப் புயல் என்றால் கடலில் உருவாகி, அதற்கு ஒரு பேரும் வைத்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிற சமாசாரம். ஒரு சாயங்காலம் மலைமேல் திரண்டு, ஒரு மணி நேரத்தில் கலைந்துபோகிற மேகத்துக்கு அந்தப் பேர் ரொம்பப் பெரிசு. 'உலர் இடிமழை' என்று வந்த யோசனையும் சரிப்படாது. மழை தரைக்கு வராததுதானே இங்கே விஷயமே? பேருக்குள்ளேயே மழையை வைத்துவிட்டால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார்.

அடுத்தது 'உலர்'. ஈரமாக இருந்து காய்ந்ததைத்தான் உலர்ந்தது என்கிறோம்: உலர் திராட்சை, உலர்ந்த துணி. வரவேண்டியது வராமல் போனதற்குத் தமிழில் வேறு சொல் கைவசம் இருக்கிறது. சளி வராத இருமல் வறட்டு இருமல். பால் கறக்காத மாடு வறட்டு மாடு. மழை தராத இடி, வறட்டு இடி. விளக்கம் ஒன்றும் சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் எங்கள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மழையே இல்லாம சும்மா கெடந்து இடிக்குமே, அதானல?" என்றாள். எனக்கு அது போதும்.

தீ வைப்பது மின்னல்தானே, இடியைச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் மின்னல் வெட்டும், விழுவது இடி. 'இடி விழுந்து பனை கருகியது' என்றுதான் சொல்கிறோம். கட்டட உச்சியில் மின்னலை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் கம்பிக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இடிதாங்கி என்றுதான் பேர். ஆகவே நிகழ்வு முழுவதற்கும் வறட்டு இடி. மின்னல் வெட்டை மட்டும் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் வறட்டு மின்னல். சேர்த்து 'வறட்டிடி' என்று எழுதினால் அடுப்பெரிக்கிற வறட்டி ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் பிரித்தே எழுதுவோம்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பத்தாவது எழுதிவிட்டு வீட்டில் இருந்த சித்திரை மாசம். களக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் அம்மா கூழ்வத்தல் பிழிந்து போட்டிருந்தாள். மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வேட்டியை நாலு முனையும் பிடித்து அள்ளுவதற்குள் ஏழெட்டுத் துளி விழுந்தது, புளியங்கொட்டைப் பருமனில். தூசியில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு குழி. அதோடு சரி. அப்புறம் காற்று மட்டும்தான், புழுதியை வாரி இறைத்துக்கொண்டு. திடீரென்று கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், கூடவே சத்தம். குளத்தங்கரையில் நின்ற பனையில் இடி விழுந்திருந்தது. கழிக்காமல் விட்ட காவோலைகள் பற்றிக்கொண்டன. எரிகிற ஓலைகள் காற்றில் பிய்ந்து காய்ந்த புல்லுக்குப் பறந்ததைப் பார்த்தேன். ஆட்கள் வேப்பங்குழையை ஒடித்து அடித்தே அணைத்தார்கள். மறுநாள் காலையில் போனபோதும் பனையின் பொந்துக்குள்ளிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வருகிற வறட்டு இடியைப் பற்றிய கட்டுரையைப் படித்தபோது இந்தப் பனைதான் கண்முன் நின்றது. அங்கே கோடையில் உயரத்தில் ஈரக்காற்று ஓடுகிறது. கீழே பல ஆயிரம் அடிக்குக் காய்ந்த காற்று. மேகத்தின் அடிவயிறே மிக உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து இறங்குகிற மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறதே, அதே வேலைதான். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. மின்னல் தீ வைக்கிறது, காற்று விசிறுகிறது, அணைக்க மழை இல்லை. 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான மின்னல்கள் வெட்டி நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பிடித்தது. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட தீக்கள் ஒன்றாகி 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தன.

எவ்வளவு பெய்தால் மழை என்ற கணக்கும் சுவாரசியமானது. அங்கே பொதுவாக 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்தால் வறட்டு இடி என்கிறார்கள். நம் வானிலைத் துறை 'மழை நாள்' என்று எண்ணுவதற்கு வைத்திருக்கும் அளவும் அதே 2.5 மில்லிமீட்டர்தான். 'மழை நாள் கணக்கில் சேராத இடி' என்று அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் போட்டுவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்க்க வேண்டும்: பொதிகைப் பக்கமும் களக்காட்டு மலையிலும் மாசி, பங்குனியில் பிடிக்கிற தீயில் பெரும்பாலானது மனிதர் கையால் வருவது. படிக்கிறவர் பழியை இடியின் மேல் போட்டுவிடக் கூடாது.

மற்ற சொற்கள். 'விர்கா'வுக்கு, அதாவது மேகத்திலிருந்து தொங்கி, தரையைத் தொடாமல் மறைகிற மழைக்கு, 'தொங்குமழை' என்று வந்திருக்கிறது. நம் ஆட்கள் தூரத்து மழையைப் பார்த்து 'கால் இறங்குது', 'கால் ஊன்றிட்டு' என்பார்கள். மழைக்கால் தரையில் ஊன்றவில்லை என்றால் அது 'ஊன்றாக் கால்'. 'எட்டாக் கால்' என்றும் யோசித்தேன். அதை எட்டாம் கால் என்று படித்துவிடுவார்கள்.

இடி விழுந்த மரத்துக்குள் பல நாள் கனன்றுவிட்டுப் பிறகு வெளியே வருகிற தீக்குப் புதுச்சொல்லே வேண்டாம். நீறு பூத்த நெருப்பு என்று பாட்டிமார் சொன்னதைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றினால் போதும்.

'ரெட் ஃபிளாக் வார்னிங்'குக்கு, அதாவது காட்டுத்தீ எளிதில் பரவுகிற வானிலை வரும்போது அமெரிக்காவில் விடுகிற எச்சரிக்கைக்கு, 'செங்கொடி எச்சரிக்கை' வேண்டவே வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்குச் செங்கொடி என்றால் சங்கம்தான். 'காட்டுத்தீ வானிலை எச்சரிக்கை' என்று நேராகச் சொல்லிவிடலாம். அந்த அறிக்கையைப் படிக்கிறவன் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவனாகவும் இருப்பான்; யோசித்துப் பொருள் காண அவனுக்கு நேரம் இருக்காது.

மேலிருந்து விழுந்து பரவுகிற அந்தக் காற்றுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை. சூறைக்காற்று என்றால் சுழற்சி உள்ளே வந்துவிடுகிறது. குலை தள்ளின ஏத்தன் வாழையை ஒரே பக்கமாகச் சாய்த்துப் போடுவது இந்தக் காற்றுதான், அதனால் வாழைக்காரர்களிடம் கட்டாயம் ஒரு சொல் இருக்கும். அண்ணாச்சி, உங்கள் ஏர்வாடிப் பக்கம் கொஞ்சம் விசாரித்து எழுதுங்களேன். நானும் ஞாயிற்றுக்கிழமை திருக்குறுங்குடிக்குப் போகிறேன், அங்கே கேட்டு வருகிறேன்.