புதுப்பிப்பு: 50 வெள்ளிக்குள் ஒரு நாள் உலா, போய் வந்தாச்சு

சிங்கப்பூரில் பிள்ளைகளோடு 50 வெள்ளிக்குள் (டாலர்) ஒரு நாள் எங்கே போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது புலாவ் உபின் தீவுதான்.

தானா மேரா ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்து ஏறி, தீவுக்குப் படகு கிளம்பும் சாங்கி வில்லேஜ் போனோம். படகுக்கு ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி; 12 பேர் சேர்ந்ததும் கிளம்பியது. நாலு பேருக்குப் போக வர 32. தீவில் இருக்கும் செக் ஜாவா கடலோரச் சதுப்புநிலத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகச் சொன்னவருக்குத் தனி நன்றி: பலகைப் பாதையிலிருந்து குனிந்தால், சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் குட்டி நண்டுகள்! சின்னவன் அரை மணி நேரம் நகரவே இல்லை.

சைக்கிள் எடுக்காமல் நடந்தது தப்பு, வெயில் வறுத்துவிட்டது. அப்புறம், பெஞ்சில் வைத்த முறுக்குப் பையைக் காட்டுப்பன்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. தின்பண்டத்தைப் பைக்குள் பூட்டி வையுங்கள்.